சிம்பாய் வீட்டு ஜினா

2014 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து மும்பைக்கு வந்தோம். பாந்த்ராவில் கடலை ஒட்டிய சிம்பாய் கிராமத்தில், ஒரு பழைய ஓட்டுவீட்டின் மாடி வாடகைக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்கார ஆன்ட்டி, மேலே நாங்கள். மாடிக்கு ஏறும் மரப்படி வீட்டுக்கு வெளியே இருந்தது. பதினாறு படிகள், அத்தனையும் தேக்கு. வெயிலிலும் உப்புக்காற்றிலும் நரைத்து, சாம்பல் பூத்துப் போயிருந்தன.

கடலோரத்தில் பிறந்தவன் என்பதால் கடல் எனக்குப் புதிதில்லை. மழைதான் புதிது. எங்கள் ஊரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைப் போல மூன்று மடங்குக்கு மேல், இங்கே ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த ஜூலையில் எங்களைப் பார்க்க வந்த அம்மா, கீழிருந்து மூன்றாவது படியில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆன்ட்டி ஓடிவந்து தூக்கி உட்கார வைத்து, படியைக் காட்டி "ஷேவாள், ஷேவாள்" என்றார். ஷேவாள் என்றால் பாசி. நான் கற்றுக்கொண்ட முதல் மராத்திச் சொல் அது. படிக்கட்டுக்கு ஜினா என்பது இரண்டாவது.

மழை விட்டதும் ஒரு தச்சரைக் கூப்பிட்டோம். கம்பி பிரஷ்ஷால் பறபறவென்று தேய்த்து, இரண்டு கை வார்னிஷ் அடித்துவிட்டுப் போனார். ஒரு மாதம் பளபளவென்று இருந்தது. மறு மே மாதத்துக்குள் வார்னிஷ் மீன் செதில் மாதிரி உரிய ஆரம்பித்தது. உரிந்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் பலகையிலேயே தங்கியது. பலகை முழுக்கக் கரும்புள்ளிகள் வேறு. கம்பி பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த இரும்புத் துணுக்கு துருப்பிடித்து, மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்தால் இப்படித்தான் கறுக்கும்.

அப்பா தோணி கட்டும் இடத்தில் கலப்பத்து வேலை பார்த்தவர். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை. சின்ன வயதில் அவர் சட்டையில் அடித்த மீனெண்ணெய் வாடை எனக்குப் பிடிக்காது. அந்த வேலையைப் பற்றி அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. மும்பையிலிருந்து போனில்தான் முதல்முறையாகக் கேட்டேன். "மரத்து மேல சட்டை போடாத‌ல, எண்ணெய குடிக்க விடு. அதுக்கு முன்ன நல்லாக் காய விடு. ஈரத்து மேல பூசினா உள்ளுக்குள்ளயே அழுகிரும்" என்றார்.

அந்த வருஷம் மழை முடிந்ததும் நானே இறங்கினேன். தொங்கிக்கொண்டிருந்த வார்னிஷை உப்புத்தாளால் நார்ப்போக்கிலேயே தேய்த்து எடுத்தேன். ஆக்சிஜன் ப்ளீச் தூளான சோடியம் பெர்கார்பனேட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். பாசி வழிந்து ஓடிவிட்டது. குளோரின் ப்ளீச் வேண்டாம், மர நாரை அரித்துவிடும். பிரஷர் பம்பும் வேண்டாம். நரைத்த மரத்தின் மேல்பரப்பு ஏற்கெனவே பலவீனம். நாரைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினை வெயில் சிதைத்து, மழை கழுவிக்கொண்டு போயிருக்கும். வேகமாகத் தண்ணீர் பாய்ச்சினால் பஞ்சு பஞ்சாகக் கிளம்பிவிடும். கரும்புள்ளிக்கு மட்டும் ஆக்சாலிக் அமிலக் கரைசல் பூசினேன். அது விஷம், கையுறை கட்டாயம். பிறகு பல வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். உப்பு தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அக்டோபர் வெயிலைத் திட்டாத மும்பைக்காரர் இல்லை. எனக்கு அந்த வெயில்தான் கை கொடுத்தது. மரத்தின் ஈரம் ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை மூன்று வாரம் காத்திருந்தேன். அதற்குள் ஆணிகளைப் பார்த்தேன். இரும்பு ஆணிகள் துருவேறி, சுற்றியுள்ள மரத்தையும் தின்றிருந்தன. நாக்தேவி தெருவில் பித்தளைத் திருகாணிகள் வாங்கி மாற்றினேன். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்த்ததில் ஒரே ஒரு பலகை மெத்தென்று உள்வாங்கியது. ரே ரோட்டில் பழைய தேக்குத் துண்டு ஒன்று கிடைத்தது. கடைக்காரரிடம் "சாகுவான்" என்று நானே கேட்டு வாங்கினேன். யாரையும் துணைக்கு அழைத்துப் போகவில்லை.

எண்ணெய் கேட்டு மாட்டுங்காவில் தமிழ்க் கடைகளாக அலைந்தேன். அப்புறம்தான் பெயிண்ட் கடையில் "அல்சி தேல்" என்று கேட்க வேண்டும் என்று தெரிந்தது. ஆளிவிதை எண்ணெய்தான், காய்ச்சியது. பச்சை எண்ணெய் காய நாளாகும், பூஞ்சையும் பிடிக்கும். முதல் பூச்சுக்கு சம அளவு டர்பன்டைன் கலந்தேன். பலகைகளின் வெட்டுமுனைகளுக்கு மட்டும் மூன்று நான்கு தடவை கொடுத்தேன். தண்ணீர் அதிகம் புகுவது அந்த முனைகள் வழியாகத்தான். இருபது நிமிஷத்தில் குடித்தது போக மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிசுபிசுக்கும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடவே கூடாது. ஆளி எண்ணெய் காயும்போது சூடாகும், துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள டின்னில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது பூச்சு காய்ந்த அன்று சாயங்காலம், சாம்பல் போய்த் தேன் நிறம் வந்திருந்தது. ஆன்ட்டி செருப்பைக் கழற்றிவிட்டு மேலே வரை ஏறி வந்தார். அது அவருடைய மாமனார் காலத்து ஜினாவாம். அன்று முதல் மாதாமாதம் வாடகை வாங்கும்போது பொம்பில் என்கிற மீன் ஒரு பொட்டலம் கொடுக்காமல் விட்டதில்லை.

அம்மா மறுபடி வந்தபோது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மழையிலேயே இறங்கி மீன்காரியிடம் பேரம் பேசிவிட்டு வந்தாள்.

வருஷா வருஷம் மே மாதத்தில் ஒவ்வொரு படியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். முத்தாக நின்றால் சரி. உள்ளே போனால் எண்ணெய் வேண்டும் என்று அர்த்தம். நேற்றுப் பார்த்தேன். கூரைத்தண்ணீர் தெறிக்கிற கீழ் மூன்று படிகளும் சொட்டை உடனே குடித்துவிட்டன. இந்தச் சனிக்கிழமை அந்த மூன்றையும் கழுவிக் காயவிட வேண்டும்.