பாலடைன் கல்லறைக் கல்: ஒரு குளிர்காலத்தின் குறிப்புகள்

கப்பல் உடைந்த கரைகளில் நிற்கும் நினைவுக் கற்களைத் தேடிச் சென்று, அவற்றைச் சுற்றி வழங்கும் பேய்க்கதைகளைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் குடியிருப்பதால், இந்தக் குளிர்காலத்துக்கு அருகிலேயே ஓர் இடம் வாய்த்தது. பெருநிலக் கரைக்குத் தெற்கே ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிளாக் ஐலண்ட் என்னும் சிறு தீவுதான் அது. தீவின் தென்மேற்குப் பகுதியில் 1947இல் உள்ளூர் வரலாற்றுச் சங்கம் நட்ட கல்லில், 'பாலடைன் கல்லறைகள், 1738' என்பதற்கு மேல் சொல்லும்படியாக எதுவும் இல்லை. கல் சொல்லாமல் விட்டதையெல்லாம் கதை சொல்லிவிடுகிறது.

தீவினர் பொய்விளக்குக் காட்டிக் கப்பலைப் பாறைக்கு இழுத்துக் கொள்ளையடித்தார்கள், பிறகு தீ வைத்துக் கடலில் தள்ளினார்கள், இறங்க மறுத்த ஒரு பெண் அதிலேயே எரிந்துபோனாள் என்பதும், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட இரவுகளில் அந்தக் கப்பல் இன்றும் கடலில் எரிந்துகொண்டு வருகிறது என்பதுமே அந்தக் கதை. 'பாலடைன் ஒளி' என்பது அதற்கு வழங்கும் பெயர்.

முதல் வேலையாக வரைபடத்தாளில் தீவைப் பெரிதாக வரைந்துகொண்டேன். கதை சொல்வதைச் சிவப்பிலும், மாலுமிகள் அக்காலத்தில் கொடுத்த வாக்குமூலங்கள் சொல்வதை நீலத்திலும், நானே பார்ப்பதைச் சாதாரணப் பென்சிலிலும் குறிப்பது என்று வைத்துக்கொண்டேன். இரண்டு மாலைகளுக்குள் சிவப்பும் நீலமும் விலகிப் போய்விட்டன. கப்பலின் பெயரே பாலடைன் அன்று. அது பிரின்சஸ் அகஸ்டா. ஜெர்மனியின் பாலடினேட் பகுதியிலிருந்து புறப்பட்ட குடியேறிகளை ஏற்றிச் சென்றதால், பயணிகளின் பெயர் கப்பலுக்கு ஒட்டிக்கொண்டது. உடைந்த இடம் தீவின் வட முனையான சாண்டி பாயிண்ட். கல் நிற்பதோ ஏறக்குறைய எதிர்க்கோடியில். கரையேறிய பிறகு இறந்த சுமார் இருபது பேரைத் தீவினரே அடக்கம் செய்தார்கள் என்பதைப் படித்த பிறகே, கல் ஏன் அங்கே இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. அது கப்பலுக்கான கல் அன்று, புதைகுழிகளுக்கான கல்.

நீல வண்ணத்தில் எழுதியவற்றைத்தான் என்னால் எளிதில் மறக்க முடியவில்லை. 1738 ஆகஸ்டில் ராட்டர்டாமிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பலில் கெட்டுப்போன குடிநீரால் சுமார் 200 பயணிகளும், பதினான்கு மாலுமிகளில் பாதிப்பேரும், கப்பல் தலைவர் ஜார்ஜ் லாங்கும் வழியிலேயே இறந்தார்கள். பொறுப்பேற்ற ஆண்ட்ரூ புரூக், டிசம்பர் 27 அன்று பனிப்புயலில் கப்பல் தரைதட்டியதும் பயணிகளைக் கப்பலிலேயே விட்டுவிட்டுத் தம் ஆட்களோடு கரைக்கு வந்துவிட்டார். அவரை வற்புறுத்திப் பயணிகளை இறக்கச் செய்தவர்கள் தீவினர். கப்பல் எரிந்ததற்கு வலுவான சான்று எதுவும் இல்லை. ஆயினும் ஜான் கிரீன்லீஃப் விட்டியர் 1867இல் வெளியிட்ட 'தி பாலடைன்' என்னும் கவிதை, கொள்ளைக்காரர் என்ற பெயரைத் தீவினர் மேல் ஏற்றிவிட்டது. வாக்குமூலங்கள் அச்சேறியதோ 1939இல்தான். சாண்டி பாயிண்டில் இப்போது நிற்கும் கருங்கல் கலங்கரை விளக்கமும் அதே 1867இல் கட்டப்பட்டது என்பதைக் கண்டபோது, தாளின் ஓரத்தில் ஒரு வியப்புக்குறி போட்டுவைத்தேன்.

இனி நேரில் பார்த்தது. டிசம்பர் 27 அன்று பாயிண்ட் ஜூடித்திலிருந்து படகேறினேன். "பேயைப் பார்க்கப் போறதுக்கு இத்தனை கம்பளியா?" என்றாள் மனைவி. இரவு ஒன்பது மணிக்குச் சாண்டி பாயிண்டின் உருண்டைக் கற்களில் கால் புரளப் புரள நடந்தபோது, இன்னும் ஒன்று எடுத்து வந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. கேமராவின் மின்கலம் குளிரில் நாற்பது நிமிடத்தில் அடங்கிவிட்டது. இரண்டாவதைச் சட்டைப்பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருந்ததால் தப்பித்தேன். தொடுவான விளிம்பில் ஒரு மீன்பிடிப் படகின் விளக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டாகத் தெரிந்து, சேர்ந்து நீண்டு, மறுபடி பிரிந்தது. கடல்நீரைவிடக் காற்று மிகவும் குளிர்ந்திருக்கும் இரவுகளில் ஒளி வளைந்து இப்படி இரட்டைப் பிம்பம் தோன்றுவது உண்டு. காரணம் தெரிந்திருந்தும் ஒரு கணம் மூச்சை நிறுத்திக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் இரவு தெற்கே மொஹீகன் செங்குத்துக் கரையில் எடுத்த படத்தில் வரிசையாகத் தெரிந்த சிவப்புப் புள்ளிகள், 2016 முதல் அங்கே சுழலும் ஐந்து காற்றாலைகளின் எச்சரிக்கை விளக்குகள்.

வீடு திரும்பியபின் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் எரியும் தீயை, 2 மீட்டர் கண்மட்டத்தில் நிற்பவர் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் வரை காணலாம். தீவை ஒட்டி ஏதேனும் கப்பல் எரிந்தால், பெருநிலக் கரையில் நிற்பவருக்கும் அது தெரியும் என்றாகிறது. கதையின் இந்தப் பகுதி நடக்கக்கூடியதே.

தவறு வேறோர் இடத்தில் இருந்தது. 1738இல் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் பழைய ஜூலியன் நாட்காட்டிதான் வழக்கில் இருந்தது, 1752இல்தான் மாற்றினார்கள். கப்பல் உடைந்ததாக டிசம்பர் 27 என்று பதிவான நாள் இன்றைய கணக்கில் 1739 ஜனவரி 7. நான் பதினொரு நாள் முன்னதாகப் போய் நடுங்கியிருக்கிறேன்! பின்னோக்கிக் கணக்கிட்டால் அது அமாவாசைக்கு ஏறக்குறைய மூன்று நாள் முந்தைய தேய்பிறை இரவு. பனிப்புயல் விலகியிருந்தாலும் நிலவொளி உதவியிருக்காது.

ஜனவரி 7 அன்று மறுபடியும் சென்றேன். மூடுபனியில் கலங்கரை விளக்கின் ஒளியே நூறடிக்கு மேல் போகவில்லை. பென்சிலால் குறிக்க எதுவும் இல்லை.

பிறகுதான் ஆரன் வில்லி என்னும் தீவு மருத்துவர் 1811இல் எழுதிய கடிதத்தை நிதானமாகப் படித்தேன். கீழே அகன்று மேலே கூம்பிய அந்த ஒளியைத் தாமே இருமுறை கண்டதாக அவர் குறித்திருக்கும் நாட்கள் 1810 பிப்ரவரியிலும் டிசம்பர் 20இலும் வருகின்றன. இரண்டுமே கதை குறிக்கும் வாரத்துக்குள் அடங்கவில்லை. பிப்ரவரிக்கு ஒரு படகுச்சீட்டு எடுத்துவிட்டேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.