கொல்லைக் கதவிலிருந்து வரையத் தொடங்குங்கள்

தோட்டம் வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் பூவிலிருந்துதான் தொடங்குவார்கள். காவிரிப் படுகைத் தோட்டங்களின் சமூக வரலாற்றை ஓவியங்களாக்கிக் காட்சிக்கு வைப்பதென்றால், தண்ணீரை யார் இறைத்தார்கள், எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து தரங்கம்பாடிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். மூன்று நாளாவது ஒதுக்குங்கள்.

தஞ்சையில் முதலில் சரஸ்வதி மகால் நூலகம். தஞ்சையின் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தம் ஓவியர்களைக் கொண்டு செடிகொடிகளை வரைய வைத்தவர். அந்த வகைப் படத்தில் செடி வெள்ளைத் தாளில் தனியாக நிற்கும். மண் இருக்காது, பாத்தி இருக்காது, நட்டவரும் இருக்கமாட்டார். மருத்துவத்துக்கு அது போதும். நமக்கு அந்த வெற்றிடம்தான் வேலை. சோழர் கல்வெட்டுகள் கோயில் பூந்தோட்டத்துக்கு விட்ட நிலத்தை நந்தவனப்புறம் என்றும், அதில் உழைத்தவர்களை நந்தவனக்குடிகள் என்றும் எழுதிவைத்திருக்கின்றன. பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்கா 1871–72இல் நகராட்சி அமைத்தது. கோட்டைக்குள் கிடந்த இடம் ஊருக்குப் பொதுவாக மாறிய கதையை அங்கே வரையலாம்.

நேரம் அதிகம் எடுக்க வேண்டிய இடம் கும்பகோணம் பக்கத்துப் பழைய தெருக்கள். வாசல், திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று ஒரே கோட்டில் நீளும் வீடுகள். இதைக் கோணப் பார்வையில் வரைந்தால் ஒன்றும் புரியாது. வீட்டை வாசல் முதல் கொல்லை வரை நீளவாக்கில் பிளந்து பக்கவாட்டில் காட்டும் வெட்டுப்படம்தான் சரி. 1:100 அளவில் தொடங்கி ஏமாறுபவர்கள் உண்டு: 50 மீட்டர் மனை 50 சென்டிமீட்டராகிவிடும், ஏ3 தாளின் நீளமோ 42தான். ஏ2 தாள் எடுங்கள், அல்லது 1:200க்கு மாறுங்கள். காலடி வைத்து அளப்பதானால் முதலில் 10 மீட்டர் டேப்பை விரித்து மூன்று முறை நடந்து உங்கள் சராசரி காலடி நீளத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சுவருக்கு 0.8 மில்லிமீட்டர் பேனா, செடிக்கு 0.3. கழுவு தண்ணீர் வாழைக்குப் போகும் வாய்க்காலை நீலத்திலும், ஆள் நடந்த தடத்தைச் சிவப்பிலும் போடுங்கள். சிவப்புக் கோடு முன்வாசலைத் தொடாமல் பின்சந்திலிருந்து கொல்லைக் கதவோடு நின்றுபோகும் வீடுகள் உண்டு. சாதியால் வாசல் மறுக்கப்பட்டவர்களின் வழி அது. அதை அழகுக்காக விட்டுவிட்டால் படம் பொய்யாகிவிடும்.

காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை வரைவது நல்லது. மார்கழியில் பனி ஈரத்தில் தாள் தொய்ந்து மை ஊறும். கனமான 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளும் நீரில் கரையாத மையும் வேண்டும். வியர்வை படாமலிருக்கக் கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள்.

தரங்கம்பாடிக்கு 1768இல் வந்தவர் தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான மருத்துவர் கோனிக். கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் வரும் 'கோனிகி' அவர்தான். கிணற்றடியில் அதற்குத் தண்ணீர் ஊற்றிய பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. கொல்லைப் படத்தையும் கறிவேப்பிலைப் படத்தையும் அடுத்தடுத்து மாட்டுங்கள்.

மாட்டுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஐப்பசி ஈரத்தில் கண்ணாடியோடு தாள் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது வண்ணம் உரிந்துவிடும். படத்தின் ஓரத்தைச் சுற்றி மவுன்ட் அட்டை கொடுத்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும். மைதா பசை வேண்டாம், ராமபாணப் பூச்சி தேடி வரும். படத்தின் நடு தரையிலிருந்து 145–150 சென்டிமீட்டர். நீர்வண்ணத்துக்கு வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது. பெயர்ச்சீட்டில் செடியின் பெயருக்கு முன்னால், அதற்குத் தண்ணீர் இறைத்தவர் யார் என்ற வரி வரட்டும்.