பெட்டி கட்டும் நாட்கள்

ஜனவரி 2
அப்பா அம்மா வீட்டை விட்டுத் தனியாகப் போக வீடு தேடுவதற்கு முன் ஓர் ஒத்திகை. சம்பளம் வந்த அன்றே வாடகை அளவுக்கான பணத்தை இன்னொரு கணக்குக்கு மாற்றிவிட்டேன். மிச்சத்தில் மாதம் ஓடினால் கிளம்பலாம். சேருவது முன்பணத்துக்கு.

ஜனவரி 23
அந்தப் பணத்தைத் தொட்டுவிட்டேன்.

மார்ச் 9
இரவு பதினொன்றரைக்கு வந்தேன். ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார் அப்பா. அதற்கு ஏன் அப்படிக் கத்தினேன்? ஆபீசில் ஆறு பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறவன், வாசலில் செருப்பைக் கழற்றியதும் பத்தாம் வகுப்புப் பையனாகிவிடுகிறேன். அவர்கள் அப்படி நடத்துவது பாதி. என் துணியை இன்னும் அம்மா மடிப்பது மீதி.

மார்ச் 10
தூக்கம் வராமல் தேடிப் படித்தது: 2023-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பிள்ளைகள் பெற்றோர் வீட்டை விட்டுப் போகும் சராசரி வயது 26.3. பின்லாந்தில் 21.4, குரோஷியாவில் 31.8. எனக்கு 27. பின்லாந்துக்காரனுக்கு நான் சோம்பேறி, குரோஷியாக்காரனுக்கு அவசரக்குடுக்கை.

ஜூன் 14
மூன்று மாதமாகத் தொடவில்லை. வீடும் அமைந்தது. பார்க்க இருவரும் வந்தார்கள். அப்பா ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடினார், ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தார், சுவரிலிருந்த விரிசலைப் படமெடுக்கச் சொன்னார். காலி பண்ணும்போது அது நம் தலையில் விழுமாம். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?" சிரித்துவிட்டேன்.

ஜூலை 1
வந்தாயிற்று. மீட்டர் ரீடிங்கைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். குப்பைக்கூடை வாங்க மறந்திருக்கிறேன். நகவெட்டியும் இல்லை. இதெல்லாம் ஒரு வீட்டில் தானாக இருக்கும் என்றே நினைத்திருந்தேன்.

ஜூலை 6
ராத்திரி திடீரென்று கரண்ட் போய்விட்டது. எதிர்வீட்டில் வெளிச்சம். அப்பாவுக்கு அடித்தேன், எடுத்தது அம்மா.
"அப்பாகிட்ட குடும்மா, ஃபியூஸ் விஷயம்."
"அவர் தூங்கிட்டார். எல்லா சுவிட்சையும் கீழ தள்ளு. மெயினை மட்டும் போடு. அப்புறம் ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே வா. எதைப் போட்டா மெயின் விழுதோ, அதுலதான் கோளாறு. அதை மட்டும் அணைச்சு வை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு."
கீசர்தான்.
"இதெல்லாம் அப்பா சொல்லிக் கொடுத்தாரா?"
"அவரா? இத்தனை வருஷமா நம்ம வீட்ல யார் போட்டதுன்னு நினைச்ச?"