கிடக்கும் இடமே சாட்சி

சாமான்கள் இறைந்து கிடக்கும் ஓர் அறையின் படத்தைக் கணினித் திரையில் காட்டி, கீழே ஒரு பட்டியலைக் கொடுத்து, அதிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கிளிக் செய்யச் சொல்லும் துப்பறியும் விளையாட்டுகளை ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேம் என்கிறார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து அடுக்களை ஒதுங்கிய பிறகு, லேப்டாப்பைத் திறந்து நானும் அத்தையும் அதில் உட்காருவது வழக்கமாகிவிட்டது. பொழுது போகாதவர்கள் செய்யும் வேலை என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கோ, நன்றாகச் செய்யப்பட்ட ஒரு தேடல் காட்சி நல்ல துப்பறியும் கதைக்குச் சற்றும் குறைந்ததாகத் தோன்றவில்லை. அந்த நன்மை எதில் இருக்கிறது என்றால், ஒளித்து வைக்கப்பட்ட பொருள் அந்த இடத்தில் கிடப்பதற்கு ஒரு காரணம் இருப்பதில்தான் இருக்கிறது.

இவ்வகை விளையாட்டு உலகெங்கும் பரவியதற்கு, அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனம் 2005 ஆம் ஆண்டு வெளியிட்ட 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' முக்கியமான காரணம். ஓர் ஊரில் நடக்கும் குற்றங்களைத் துப்பறிவாளராக நின்று ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு போக வேண்டும். நேரக் கணக்கு உண்டு. கண்ட இடத்தில் எல்லாம் கிளிக் செய்தால் நேரம் பிடித்துக்கொள்ளப்படும். அதில் கதை மெலிதாகத்தான் இருந்தது. அதே வரிசையில் அடுத்த ஆண்டே வந்த 'ரேவன்ஹர்ஸ்ட்' அதை மாற்றியது. ஒரு பாழடைந்த மாளிகையின் அறைகளைத் தேடத் தேட, அங்கே வாழ்ந்த எம்மா என்ற பெண்ணின் நாட்குறிப்புப் பக்கங்கள் கிடைக்கும். அவளுக்கு என்ன நேர்ந்தது என்று அறிந்துகொள்ளும் தவிப்பிலேயே அடுத்த அறைக்குப் போவோம். 2008 இல் வந்த அதன் தொடர்ச்சியில், ஓரிடத்தில் கிடைத்த சாவியையோ பற்சக்கரத்தையோ எடுத்துச் சென்று வேறோரிடத்தில் பயன்படுத்தும் சாகச விளையாட்டின் முறையும் சேர்ந்துகொண்டது. போலந்தைச் சேர்ந்த ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி போன்ற நிறுவனங்கள் பின்னர் இந்தக் கலவையையே தங்கள் பாணியாக்கிக்கொண்டன.

ஓவியர்கள் ஒரு பொருளை எப்படி ஒளிக்கிறார்கள் என்பதை நிதானமாகக் கவனித்தால் அவர்கள் கைத்திறன் புரியும். அண்மையில் நாங்கள் ஆடிய ஒரு காட்சியில், தையல் அறை ஒன்றின் மூலையில் வளைந்த கைப்பிடிகள் கொண்ட மர நாற்காலி இருந்தது. தேட வேண்டிய கத்தரிக்கோலின் இரண்டு வளையங்களும் அந்த நாற்காலி முதுகின் பூவேலைப்பாட்டில் இரண்டு சுழிகளாகப் பொருந்தியிருந்தன. அதன் அலகுகள் நாற்காலிச் சட்டத்தின் நிழலோடு ஒன்றாய் ஓடின. நிறமும் மரத்தின் நிறமே. கண் அதன்மேல் பல முறை போய்வந்தும் அது நாற்காலியாகவே தெரிந்தது. இதற்கு உளவியலில் விளக்கம் உண்டு. ஆன் டிரைஸ்மனும் கேரி கெலேடும் 1980 இல் வெளியிட்ட கட்டுரையில், பச்சைப் பொருள்களுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புப் பொருள் இருந்தால், கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் அது தானாகவே கண்ணில் படும் என்றும், நிறமும் வடிவமும் சேர்ந்து அமைந்தால்தான் அடையாளம் தெரியும் என்ற நிலையில் உள்ள பொருளையோ ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும் என்றும் காட்டினார்கள். அப்படித் தேடும்போது பொருள்கள் பெருகப் பெருக நேரமும் கூடுகிறது. தனித்துத் தெரியக்கூடிய எந்தப் பண்பையும் பொருளுக்கு விட்டுவைக்காமல், நிறத்தைப் பக்கத்துப் பொருளிடமிருந்தும் கோட்டை அடுத்த பொருளிடமிருந்தும் கடன் வாங்கிக் கொடுப்பதே நல்ல ஓவியரின் வேலை.

அத்தை பல காலம் தையல் தொழில் செய்தவர். அதே அறையில் பட்டியலின் கடைசியில் நின்ற அங்குஸ்தானை, அதாவது ஊசி குத்தாமல் இருக்கத் தைப்பவர்கள் விரலில் மாட்டும் சிறு உறையை, நான் தேடிக்கொண்டிருந்தபோது, அது ஜன்னல் விளிம்பில், ஒரு மருந்துக் குப்பியின் மூடிபோல் கவிழ்ந்து இருப்பதை அவர் காட்டினார். காட்டிவிட்டு, "ஏட்டி, தைக்கவ அங்குஸ்தான ஜன்னல்லயா வச்சுட்டுப் போவா? மெஷினு பக்கத்துலல்லா கெடக்கும். வேற யாரோ எடுத்து வச்சிருக்கா" என்றார். கதை அவர் சொன்ன வழியில்தான் போயிற்று; தையல்காரி இல்லாத நேரத்தில் ஜன்னல் வழியே அறைக்குள் வந்தவர் யார் என்பதே வழக்கின் முடிச்சாக இருந்தது. பொருளைக் கண்டதோடு நில்லாமல், அது இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது என்பதையும் அத்தை கண்டார். துப்பறிதல் அங்கேதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். அந்தக் காட்சியை வரைந்தவரும் அதை அறிந்தே அங்குஸ்தானை அங்கே வைத்திருக்க வேண்டும்.

எல்லா விளையாட்டுகளும் இப்படி அமைவதில்லை என்பதுதான் என் வருத்தம். மருத்துவமனை அறையில் வாத்து பொம்மையும், கல்லறைத் தோட்டத்தில் டென்னிஸ் மட்டையும், நீதிமன்றத்தில் அன்னாசிப்பழமும் கிடக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்தாலும் அந்த அறையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அவற்றில் தேடுவது பழைய இரும்புக் கடையில் திருகாணி பொறுக்குவது போலத்தான். டைமர் ஓடும் விளையாட்டுகளையும் நான் விரும்புவதில்லை. பதற்றத்தில் கண் படத்தை மேய்கிறதே தவிர, அறையைப் படிப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகளில் வேறொரு தடை இருக்கிறது. பாரிஸின் பிரிட்டி சிம்பிள் நிறுவனம் 2012 இல் ஃபேஸ்புக்கில் கொண்டுவந்த 'கிரிமினல் கேஸ்', பெர்லினின் வூகா 2017 இல் வெளியிட்ட 'ஜூன்ஸ் ஜர்னி' ஆகிய இரண்டிலும் ஒவ்வொரு காட்சிக்கும் எனர்ஜி செலவாகும். அது தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஆடவும் வேண்டியிருக்கிறது. பொருள்களின் இடங்கள் மனப்பாடம் ஆன பிறகு அந்த அறையில் துப்பு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு தொகை கொடுத்து வாங்கி, முழுக் கதையையும் நம் விருப்பப்படி ஆடி முடிக்கும் பழைய முறையே துப்பறியும் கதைக்குப் பொருந்துகிறது.

பொருளையும் இடத்தையும் பிரிக்கக்கூடாது என்பது எங்கள் தாமிரபரணி ஆற்றங்கரைக்குப் புதியது அன்று. ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிகளை மூடிவிடாமல், மேலே கண்ணாடித் தளம் அமைத்து, ஈமத்தாழிகளை அவை புதைந்து கிடந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். எந்தத் தாழிக்குப் பக்கத்தில் எந்தக் கிண்ணம், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து என்பதெல்லாம் சேர்ந்துதான் அங்கே சான்றாகிறது. தனியே எடுத்து அலமாரியில் வைத்த கிண்ணம் அதில் பாதியைக்கூடச் சொல்லாது.

அதனால்தான் திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடு ஒன்றை வைத்து இப்படியொரு விளையாட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, புறவாசல், மச்சு, தட்டட்டி என்று அடுக்கடுக்காகப் போகும் வீட்டைவிடத் துப்பறிய ஏற்ற இடம் வேறு ஏது? சாமான்கள் வைக்கும் இருட்டான உள்ளறையாகிய அரங்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். சுவரில் சுளகு தொங்குகிறது. அதன் கீழே ஓலைக் கடகப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. மூலையில் பத்தமடைப் பாய் சுருட்டிச் சாத்தியிருக்கிறது. ஓலையும் கோரையும் பழகப் பழகப் பழுப்பேறிப் போவதால், மஞ்சள் படிந்த பழைய பத்திரக் காகிதத்தை அவற்றுக்கு நடுவே ஒளித்தால் எந்தக் கண்ணும் எளிதில் பிரித்தறிய முடியாது. வெண்கலப் பானையின் வளைந்த வாயோடு சேர்த்து ஒரு வளையலை வைக்கலாம். அரிக்கேன் விளக்கின் கம்பி பிடியோடு சாவி வளையத்தைக் கோக்கலாம்.

வழக்கு, காணாமற்போன வீட்டுப் பத்திரத்தைப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது; பூட்டு உடையவில்லை. தரைத் தூசியில் குத்துப்போணி என்னும் பெரிய பாத்திரம் நின்ற வட்டம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. போணியோ மச்சுக்குப் போகும் ஏணிக்கு அருகில் நகர்ந்திருக்கிறது. நெல் கொட்டி வைத்த மண் குலுக்கையின் அடித்துளையை அடைத்த துணி, அந்த வீட்டில் யாரும் உடுத்தாத புதுச் சேலையின் கிழிசல். பட்டியலில் 'துணி' என்று மட்டும் இருக்கட்டும். அதைக் கிளிக் செய்தவர், அது யாருடைய சேலை என்று அடுத்த வளவு வீடுகளுக்குப் போய்த் தேடட்டும். அவசரப்பட்டுக் குலுக்கையை உடைக்கப் பார்ப்பவருக்கு நெல் கொட்டுமே தவிரப் பத்திரம் கிடைக்கக் கூடாது.

டைமர் வேண்டாம், ஹின்ட் பொத்தான் இருக்கட்டும், ஆனால் அது பொருளைச் சுற்றி மின்னிக் காட்டாமல், வீட்டு ஆச்சி பேசும் ஒரு வாக்கியமாக மட்டும் வரட்டும். வாத்து பொம்மை ஒன்றுகூட இருக்கக்கூடாது. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் இப்படி அரங்கோடும் மச்சோடும் நிற்கும் வீடுகள் சில எனக்குத் தெரியும். வரையத் தெரிந்தவர் யாரேனும் முன்வந்தால், வீட்டுக்காரர்களிடம் கேட்டு அழைத்துச் சென்று காட்டுகிறேன்.