ஆறேகால் சென்டில் நாலு கோழி

2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து இருபது லட்சம் முட்டைகள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. தட்டுப்பாட்டுக்கு, முதலில் பேக்கரிகளுக்கு. கொழும்பில் குடியேறிய தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அன்றைக்குச் சிரிப்பு ஒரு பக்கம், சுருக்கென்றது ஒரு பக்கம். நாம் விசா புதுப்பிக்க வரிசையில் நிற்கிறோம், முட்டைக்கு இவ்வளவு வரவேற்பா! அதைவிட, முட்டையை இறக்குமதி செய்வதா? நம் பக்கம் விருந்தாளி படியேறிய பிறகுதானே கூடைக்குள் கையை விடுவோம்.

அதற்கு முந்தின ஆண்டு ஜூனில், வீட்டில் பயிர் வைக்கட்டும் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை விட்டது இலங்கை அரசு. பஞ்சக் காலம். கொழும்பை ஒட்டிய வத்தளை, தெகிவளைப் பக்கமெல்லாம் வளவுக்கு வளவு, அதாவது வீட்டைச் சுற்றிய இடத்திலெல்லாம், மரவள்ளியும் பயற்றங்காயும் முளைத்தன. கோழிக்கூடுகளும் முளைத்தன. அந்தக் கூடுகளில் பலவற்றில் இப்போது உடைந்த நாற்காலிதான் அடைகாக்கிறது. கோழி வளர்க்கத் தெரியாததால் அல்ல. ஈரத்தை வெளியே அனுப்பத் தெரியாததால்.

கரிசல்காட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது தலைகீழ் பாடம். கோவில்பட்டிப் பக்கம் தண்ணீரை உள்ளே நிறுத்துவதுதான் வேலை. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. அதில் மூன்றிலொரு பங்கு பெய்தாலே அங்கே நல்ல வருஷம். முதலில் நில அளவையே குழப்பும். இங்கே சென்ட், கிரவுண்ட் எல்லாம் செல்லாது, பேர்ச் கணக்குதான். பத்துப் பேர்ச் என்றால் சரியாக ஆறேகால் சென்ட். வீடு போக மிஞ்சுவதில் நாலு கோழி, இரண்டு பாத்தி. ஆசைப்பட்டு எட்டு வாங்கினால் ஒரே மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முகம் திருப்புவார். சேவலும் வேண்டாம். முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு வேண்டுமென்றால்தான் தேவை.

வாங்கப் போகும்போது "நாட்டுக்கோழி" என்று கேட்டால் ஒரு நொடி விழிப்பார்கள். "ஊர்க்கோழி எண்டு கேளுங்கோ தம்பி" என்று திருத்துவார்கள். புண்ணாக்கு மட்டும் திருத்தம் கேட்பதில்லை. சிங்களக் கடையிலும் அது புன்னக்குதான். ஆனால் மூட்டையைத் திறந்தால் தேங்காய்ப் புண்ணாக்கு. கடலையோ எள்ளோ இல்லை. நார் அதிகம், மழை மாதத்தில் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பச்சை பூத்ததைக் கோழிக்குக் காட்டவே கூடாது. முட்டையிடும் கோழிக்கு நாளைக்கு 110 முதல் 120 கிராம் லேயர் தீனி, தனிக் கிண்ணத்தில் இடித்த சிப்பி ஓடு. மற்றதை அது வளவில் பொறுக்கிக்கொள்ளும்.

கூடுதான் விஷயம். தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்ட வேண்டும். கோழி ஒன்றுக்கு உள்ளே நாலு சதுர அடி, வெளியே திரியப் பத்து. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை கடல் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கும், அதனால் கூட்டின் முதுகு தென்மேற்கைப் பார்க்கட்டும், வலை வைத்த முகப்பு கிழக்கையோ வடகிழக்கையோ பார்க்கட்டும். கூரை இறவாணம் இரண்டடி வெளியே நீள வேண்டும். தகரத்தின் மேல் கிடுகு (நம்மூர்த் தென்னங்கீற்று) பரப்பினால் வெயிலும் குறையும், மழைச் சத்தத்தில் கோழி மிரள்வதும் குறையும். ஊரில் நாம் செய்கிற தப்பு, குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் அடைப்பது. இங்கே அடைத்தால் கோழியின் மூச்சே கூட்டை நனைத்துவிடும். மேல் பகுதியில் காற்று குறுக்கே போக வழி இருக்க வேண்டும்.

உள்ளே உமியோ மரத்தூளோ நாலு அங்குலம். வாரம் ஒரு முறை கிளற வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. கையை விரித்ததும் மெல்ல உதிர்ந்தால் சரி. இன்னொரு சோதனை, குனிந்து கோழி நிற்கும் உயரத்தில் மூக்கை வைப்பது. நின்றபடி மோந்தால் ஒன்றும் தெரியாது. கீழே கண் எரிந்தால் அது அமோனியா. தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றித்தான் முதலில் கெடும், அதனால் கிண்ணம் கூட்டுக்கு வெளியே, கோழியின் முதுகு உயரத்தில். ஈர உமியும் சூடும் சேர்ந்தால் இரத்தக் கழிச்சல் நோய்க்கிருமி எச்சத்தோடு விட்ட நுண்முட்டைகள் ஓரிரு நாளில் வீரியம் பெற்றுவிடும். மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகள்தான் முதலில் சாகும். எச்சத்தில் சிவப்பு கண்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும், மஞ்சள் தூளோடு காத்திருக்கக் கூடாது.

கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் கொட்டிக் கழுவுவது கோழிக்கு மட்டுமல்ல. டெங்கு நுளம்பு தேடி வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எட்டிப் பார்க்கும் முதல் இடமே அதுவாக இருக்கும். கவிழ்க்காத சிரட்டையும் அப்படியே. கொட்டாங்குச்சி என்று சொன்னால் இங்கே யாருக்குப் புரியும்.

இனி நம் ஆட்கள் எதிர்பார்க்காத எதிரி. கீரிக்கும் பருந்துக்கும் நாம் பழகியவர்கள். கொழும்பில் கால்வாய் ஓரத்து வீடுகளுக்கு, வத்தளையில் ஹமில்டன் கால்வாயை ஒட்டியவற்றுக்கு முக்கியமாக, வருகிறவர் கபரகொயா. உடும்பின் பெரியப்பா. ஆள் நீளத்துக்கு வளரும், நாக்கை நீட்டி நீட்டி மதியத்தில் நிதானமாக நடந்து வருவார். முட்டை, குஞ்சு எதையும் விடமாட்டார். அடிக்கக் கூடாது, சட்டம் காக்கிற உயிர். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலையை அவர் கிழித்துக்கொண்டு போவார். அரை அங்குலக் கண் உள்ள வெல்டிங் வலைதான் நிற்கும். வலையைக் கீழே ஓரடி வெளிப்பக்கமாகத் தரையோடு மடித்துப் பரப்பி மேலே கல் வைக்க வேண்டும். தோண்டுகிறது சுவரடியில்தான் தோண்டும். வலை நகத்தில் சிக்கினால் விட்டுவிடும். முட்டையைக் காலை பத்து மணிக்குள் ஒரு முறை, மதியம் ஒரு முறை எடுத்துவிட்டால் அவருக்கு நம் வீட்டில் வேலை இல்லை.

தோட்டத்தில் அவ்வளவு சண்டை இல்லை. செம்மண் புளிப்பு மண், கரிசலுக்கு நேர் எதிர். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சதுர மீட்டருக்கு ஒரு கை டொலமைட், புளிப்பை முறிக்கும் சுண்ணாம்புக்கல் தூள். கோழி எருவை அதோடு சேர்த்துப் போடக் கூடாது, தழைச்சத்து காற்றில் போய்விடும். எரு இரண்டு மூன்று மாதம் மக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் மிளகாய் நாற்று கருகும். வல்லாரையும் பொன்னாங்காணியும் கேட்காமலே படரும், கோழி கிளறாதபடி ஓரடி வேலி போதும். முருங்கைதான் ஏமாற்றும். இலை கொத்துக் கொத்தாக வரும், மழையில் பூ உதிர்ந்துவிடும். சாம்பாரில் காய் மிதக்க வேண்டும் என்கிற ஆசையை இங்கே கீரையோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான். பழகிவிடும். பழகிவிட்டது. பங்குனி வெயிலில் இலையே இல்லாமல் காயாகத் தொங்குமே ஒரு மரம், கிணற்றடியில்…

சரி, சாம்பல். கோழி மண்ணில் புரண்டு குளித்தால்தான் பேனும் செள்ளும் உதிரும். மழை மாதத்தில் காய்ந்த மண் எங்கே? பழைய டயரைக் கூரைக்கு அடியில் போட்டு, சலித்த மணலும் சாம்பலும் பாதிப் பாதி நிரப்பினால் போதும். ஊரில் அடுப்படிக்கு அடுப்படி கிடக்கிற சரக்கு. கேஸில் சமைக்கிற கொழும்பில் அதற்கும் அலைய வேண்டும். விறகு அடுப்பில் பாண் சுடுகிற பேக்கரிகளில் கேட்டால் சாக்கில் கட்டித் தருவார்கள்.

அடை வைப்பதென்றால் ஜனவரி முதல் வாரம்தான் தோதானது. இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கும்போது ஆண்டின் காய்ந்த காலம். முப்பது டிகிரி வீட்டில் பத்து நாள் வைத்த முட்டைக்குள் கரு அரைகுறையாக வளர்ந்து செத்திருக்கும், ஆகவே கருவுள்ள முட்டையாக, ஐந்து நாளுக்கு உட்பட்டதாகப் பார்த்து ஒன்பதோ பதினொன்றோ வைக்க வேண்டும். கழுவவே கூடாது. ஏழாம் இரவு டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு ஓடாததை எடுத்துவிடலாம். ஐப்பசியில் வைத்தால் பின்னேரம் தவறாமல் இடி, இடி கேட்டால் அடைமுட்டை கெடும் என்பது ஊர் நம்பிக்கை. நம் ஆட்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்களே: கூடைக்குள் ஒரு கரித்துண்டு, ஒரு வரமிளகாய், ஒரு இரும்பு ஆணி. கரி, சிரட்டைக் கரியாகக் கிடைக்கும். வரமிளகாயைச் செத்தல் என்று கேட்டு வாங்க வேண்டும். ஆணியை மட்டும் அடைக்கு அடை புதிதாக மாற்ற வேண்டியிருக்கிறது. ஊரில் பாட்டிமார் ஒரே ஆணியைப் பத்து அடைக்கு வைத்து எடுத்தார்கள். இங்கே குஞ்சு வெளியே வருவதற்குள் அது துருப்பிடித்து உமியோடு ஒட்டிக்கொள்கிறது.