சமணர் மலையை அறிதல்: மதுரையில் குடியேறிய எங்கட சனத்துக்கு

கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு மதுரைப் பக்கத்து மலைகள் எடுத்த எடுப்பில் ஒன்றும் சொல்லாது. யாழ்ப்பாணத்தில் மலையே கிடையாது. கீரிமலைக்கும் பெயர்தான் மலை. அதனால் உச்சப்பட்டி, ஆனையூர், திருவாதவூர் இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களும் வெளிப்பதிவில், அதாவது முகாமுக்கு வெளியே பதிவோடு, வாடகை வீட்டில் இருப்பவர்களும் இந்த மொட்டைப் பாறைகளைப் பஸ்சில் இருந்து பார்த்தபடியே வேலைக்குப் போய் வருகிறார்கள். ஏறிப் பார்த்தவர்கள் குறைவு. இந்த மண்ணைப் பழக வேண்டுமென்றால் மலையில் தொடங்குங்கள், அதுவும் ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டுத் தொடங்குங்கள் என்பதே எங்கள் சொல். நிழல், தண்ணீர், மழைக்கு ஒதுங்க இடம் மூன்றும் சேர்ந்த பாறையைத்தான் அந்தக் காலத்துச் சமணத் துறவிகள் தேடிப் பிடித்தார்கள். அதே இடங்களை இன்றைக்கு நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மேய்ப்பர்கள்.

முதலில் பார்க்க ஏற்றது கீழக்குயில்குடிச் சமணர் மலை. மதுரையில் இருந்து தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் போய், தெற்கே பிரிந்தால் ஊர் வரும். மலையடியில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரங்கள், தாமரைக் குளம். மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் வெயில் 40 பாகையைத் தாண்டும். பாறை அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகும் விடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. பாறையில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டையாகத் தெரிவது தண்ணீர் ஓடும் தடம். காய்ந்திருக்கும்போது கால் பிடிக்கும். ஒரு தூறல் விழுந்தால் அதில் இருக்கிற பாசி வழுக்கத் தொடங்கிவிடும். இறங்கும்போது விழுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான் கால் வைக்கிறார்கள். வெளிறிய, சொரசொரப்பான பாறையாகப் பார்த்து நடவுங்கள். ஆளுக்கு இரண்டு லீட்டர் தண்ணீர் போத்தலில் வேண்டும். வெள்ளென ஆறு மணிக்குப் படியில் கால் வைத்தால் ஒன்பதரைக்குள் நிம்மதியாக இறங்கிவிடலாம். ரப்பர் செருப்பு வேண்டாம், சப்பாத்துப் போடுங்கள். காரணத்தை ஆடுகளிடம் இருந்து சொல்ல வேண்டும்.

மலையடியில் எங்கும் சீமைக்கருவேல். அதன் நெற்றை ஆடு விரும்பித் தின்னும். கடினமான விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கும். அதனால் ஆட்டுத்தடத்தின் இரு பக்கமும் கருவேல் கன்றுகள் அடர்ந்து நிற்கும், முள் தடத்திலேயே உதிர்ந்து கிடக்கும். ரப்பர் அடியை அது நேரே துளைத்துக்கொண்டு வரும். அதோடு ஊசிப்புல். காய்ந்த காலத்தில் அதன் விதை சாரத்திலும் காலுறையிலும் குத்தி, நடக்க நடக்க உள்ளே ஏறும். ஆட்டின் உரோமத்துக்குள்ளும் அப்படித்தான் ஏறித் தோலைப் புண்ணாக்கும். அதனால் ஊசிப்புல் முற்றிய சரிவுக்கு மேய்ப்பர்கள் மந்தையை விடமாட்டார்கள். ஆடு போகாத சரிவில் நீங்களும் இறங்காதீர்கள்.

செம்மறியும் வெள்ளாடும் கலந்து போனாலும் மேய்ச்சல் வேறு. செம்மறி தலையைக் குனிந்து தரையோடு புல்லைக் கறிக்கும். மலையடியை விட்டு அதிகம் ஏறாது. வெள்ளாடு செடி, கொப்பு, பாறை இடுக்கு எல்லாம் ஏறும். மலைமேல் சுனைக்கு வழி பார்க்கிறவர்கள் வெள்ளாட்டின் தடத்தைப் பார்க்க வேண்டும். விடிந்தவுடன் மந்தையைத் திறந்துவிடமாட்டார்கள். பனி ஈரத்தில் குடற்புழுவின் குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறி இருக்கும் என்பதால், வெயில் பட்டு ஈரம் காய்ந்த பிறகுதான் மேய்ச்சல். முதல் மழைக்குப் பின் வரும் இளம்புல் இன்னொரு ஆபத்து. ஆசைக்கு மேய்ந்த ஆடு துள்ளுமாரி நோயில் ஓரிரு மணி நேரத்தில் துள்ளி விழுந்து செத்துப்போகும். அதற்கான தடுப்பூசியை மழைக்கு முன்னமே போட வேண்டும். மத்தியான வெயிலில் மரமில்லாத வெளியில் செம்மறிகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் தலையை அடுத்ததன் வயிற்றுக்குக் கீழே நுழைத்து, மந்தை முழுவதும் தலையே தெரியாமல் ஒட்டி நிற்கும். மற்றதன் நிழல்தான் அப்போது அதற்குக் குடை.

நெல் அறுத்த வயல்களில் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து மந்தைகள் வந்து கிடை போடும். கிடைக்குப் பொறுப்பானவர் கீதாரி. பகல் முழுவதும் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலுக்குள் அடைத்து, புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணிலேயே விழச் செய்வார்கள்; வயல்காரர் காசாகவோ நெல்லாகவோ கொடுப்பார். அடைப்பை இடம் மாற்றிக்கொண்டே போவார்கள். ஒரே இடத்தில் அதிக நாள் அடைத்தால் உரம் மிஞ்சி, அடுத்த போகத்தில் பயிர் இலையாக வளர்ந்து சாய்ந்துவிடும். பால்குடிக் குட்டிகளை கூடாப்பு என்கிற மூங்கில் கூடையால் கவிழ்த்து மூடி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் ஆசையில் அதைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. தாய் ஆட்டை விட நாய் முந்தி வரும். நாய் வந்தால் ஓடவும் வேண்டாம், கல் எடுக்கவும் வேண்டாம். நின்ற இடத்தில் நின்று, "அண்ணே, நாயக் கூப்பிடுங்க" என்று உரக்கச் சொன்னால் போதும். மந்தைக்கு நடுவால் போகாமல் சுற்றிப் போங்கள். பிரிந்த மந்தையைச் சேர்க்க அவருக்கு நேரம் எடுக்கும்.

பேச்சு எங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று கூச்சப்பட ஒன்றுமில்லை. "ஐயா, மேல சுனையில தண்ணி கெடக்கா?" என்று கேட்டால், பதிலோடு "எந்த ஊரு?" என்ற கேள்வியும் வரும். இலங்கை என்றால் பெரும்பாலும் இன்னும் கொஞ்ச நேரம் நின்று கதைப்பார்கள். வயதான பெண்களை இங்கே ஆத்தா என்று கூப்பிடுவார்கள், நீங்களும் கூப்பிடலாம்.

இனி மலை. அய்யனார் கோயில் பக்கத்துப் படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனையை ஒட்டிய பாறையில் எட்டுச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும், அடியில் வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. காலம் 9, 10ஆம் நூற்றாண்டு. மற்றதெல்லாம் விட்டாலும் ஒரு வரியை விடாதீர்கள்: அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று ஒரு சிற்பத்தின் கீழ் வெட்டியிருக்கிறது. இன்னும் மேலே ஏறினால் ஒரு கட்டடத்தின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்து மாதேவிப் பெரும்பள்ளி அது. சுவர் இல்லை, கூரை இல்லை. பாறையைச் சமப்படுத்திக் கல் அடுக்கிய ஒழுங்கை வைத்தே நீள அகலத்தைப் பிடிக்கலாம். உச்சியில் தீபத்தூண், பக்கத்துப் பாறையில் கன்னட எழுத்து. கர்நாடகத்துச் சிரவணபெளகொளத்தோடு தொடர்புள்ள துறவிகளின் பெயர்கள் அதில் வருகின்றன. தூர தேசத்து ஆக்கள் வந்து தங்கிப் பேர் பொறித்துவிட்டுப் போன மலை இது.

செட்டிப்புடவு மலையின் மறுபக்கம். இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். வாசலில் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்கும் அருகர், அமர்ந்திருக்கிறார். உள்ளே குனிந்து போய் மேலே பாருங்கள். சிங்கத்தின் மேல் இருந்து வில்லோடு போரிடும் பெண் தெய்வம், எதிரே யானை மேல் ஒரு வீரன். அமைதியே உருவான தீர்த்தங்கரர்களுக்குப் பக்கத்தில் இந்தப் போர்க்காட்சி இருப்பதைப் பலர் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

இவற்றை விட ஆயிரம் வருடம் மூத்தவை முத்துப்பட்டிப் பக்கத்துக் கற்படுக்கைகள். தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. இரண்டு காலத்தையும் போட்டுக் குழப்பாதீர்கள்: படுக்கையும் தமிழியும் முந்தியவை, சிற்பமும் வட்டெழுத்தும் பிந்தியவை. படுக்கை என்பது பாறையில் ஓர் ஆள் நீளத்துக்கு மழமழவென்று செதுக்கி, தலைமாட்டில் மெல்லிய உயரம் விட்ட இடம். கையால் தடவினால்தான் அந்த உயரம் தெரியும். படுக்கையைப் பார்த்துவிட்டு நெற்றிப் பாறையை அண்ணாந்து பாருங்கள். ஓரமாக ஒரு காடி வெட்டியிருக்கும். பாறை மேல் வடிகிற மழைநீர் அடிப்பக்கமாக ஒட்டி உள்ளே ஊர்ந்து வராமல், அந்த விளிம்பில் அறுபட்டு வெளியே சொட்டும். இலங்கையில் மிகிந்தலைப் பௌத்தக் குகைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காடி புதிதல்ல. கடலின் இரு கரையிலும் ஒரே வேலைப்பாடு. காடி இருந்தால் ஆட்கள் தங்கிய குகை, இல்லாவிட்டால் வெறும் பொந்து என்பது தொடக்கத்துக்கு நல்ல கணக்கு.

எங்கட ஆக்களுக்கு இன்னொரு சேதி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். திருப்பரங்குன்றத்துத் தமிழிக் கல்வெட்டு ஒன்றில் "எரு காட்டூர் ஈழ குடும்பிகன் பொலாலையன்" என்று இருக்கிறது. ஈழத்துக் குடும்பத்தலைவர் ஒருவர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் துறவிகளுக்காகச் செய்வித்த கொடை அது. அகதி, மறுவாழ்வு என்று எங்களுக்கு இங்கே விழுந்த பெயர்கள் எல்லாம் பிறகு வந்தவை. பிள்ளைகளுக்கு இந்தக் கல்வெட்டைச் சொல்லிக் கொடுங்கள்.

எழுத்தைப் படிக்க வெளிச்சம் சரிவாக விழ வேண்டும். உச்சி வெயிலில் வெட்டு முழுவதும் ஒளி நிரம்பி எழுத்தே இல்லாத மாதிரி இருக்கும். குகைக்குள் என்றால் கைபேசி விளக்கைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டின் ஒரு கரை நிழலாகி எழுத்து எழும்பி வரும். சோக்கு, மாவு, தண்ணீர் எதையும் பூச வேண்டாம். சோக்குத் தூள் வெட்டுக்குள் இறுகிக்கொள்ளும், அதைத் தேய்த்து எடுக்கப் போனால் பாறையின் தோலும் சேர்ந்து உரியும். சமணர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கிறுக்கினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடியுரிமை இல்லாத நிலையில் ஒரு சின்ன வழக்குக் கூட எங்களுக்குப் பெரிய இடைஞ்சல் என்பதைப் பெடியங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பாறை நெற்றியில் கறுப்பாகத் தொங்குவது மலைத்தேன் கூடு. அதன் கீழே புகை, வாசனைத் தைலம், சத்தம் மூன்றும் கூடாது. கல் இடுக்கில் கை விடாதீர்கள், சுருட்டை விரியன் இருக்கும். ஆடு படுத்த நிழலில் பாய் இல்லாமல் இருக்க வேண்டாம். மலைக்குப் போய் ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சலும் தலையிடியும் வந்து, உடம்பில் எங்காவது கறுப்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக்காய்ச்சலாக (ஸ்க்ரப் டைபஸ்) இருக்கலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் தேடிப் பாருங்கள். பொருக்கு வலிக்காது, அதனால் தவறிவிடும். வைத்தியரிடம் மலைக்குப் போனதைச் சொல்ல வேண்டும். உரிய மருந்து கொடுத்தால் சீக்கிரம் இறங்கும், தாமதித்தால் ஆபத்து.

இந்த மலை பழகினால் அடுத்தது கொங்கர் புளியங்குளம். படுக்கைகள் அங்கே ஏராளம். திருவாதவூர் முகாமில் இருப்பவர்களுக்கு ஓவாமலை பக்கத்திலேயே இருக்கிறது. அழகர்மலைக் கிடாரிப்பட்டிக் குகையில் உப்பு வணிகர், கொழு (ஏர்முனை) வணிகர், அறுவை (துணி) வணிகர் பெயர்கள் உண்டு. அரிட்டாபட்டிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அது 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர்கள் திரண்டு, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. மேலூர்ப் பக்கம் போகும்போது குவாரி வெட்டையும் பழைய வெட்டையும் பிரித்துப் பாருங்கள். அரைக் குழாய் மாதிரி நீளமாக, ஒரே இடைவெளியில் வரிசையாக இருப்பது இயந்திரத் துளை. பழைய உளித்தடம் குட்டையாக, ஆழமில்லாமல், சீரற்று இருக்கும். படுக்கை உள்ள பாறைக்கு அருகே புதுத் துளை கண்டால் படம் எடுத்து, இடத்தின் பெயரோடு ஊர்க்காரரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். முகாம்காரர்கள் ஆள் கணக்கெடுக்கும் பதிவு நாள் அல்லாத நாளாகப் பார்த்து வெளிக்கிடுங்கள்.