பாதி முகம் இருட்டு: மாஸ்க் வைத்து வெளிச்சத்தைச் சமன்செய்த கதை

ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தவரைப் படமெடுத்தால் ஒரு கன்னம் பளிச்சென்று இருக்கும், மறு கன்னம் இருட்டில் போய்விடும். அப்படியொரு ஜேபெக் படத்தை கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்து, வழக்கம்போல வெளிச்ச அளவை ஒரு வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸில்தான் ஆரம்பித்தேன்.

வளைகோட்டின் கீழ்ப்பக்கத்தைத் தூக்கினால் இருண்ட கன்னம் தெரிகிறது. ஆனால் கூடவே தலைமுடியும் கறுப்புச் சட்டையும் சாம்பல் பூத்துவிடுகின்றன. கர்வ்ஸ் ஒவ்வொரு பிக்சலின் அளவை மட்டுமே பார்க்கும், இடத்தைப் பார்க்காது. நிழலில் உள்ள கன்னமும் வெளிச்சத்தில் உள்ள கறுப்புத் துணியும் அதற்கு ஒன்றுதான்.

சரி, இடம் தெரிந்து வேலை செய்ய மாஸ்க் வேண்டும், அதாவது எந்த இடத்தில் எவ்வளவு மாற்றம் என்று சொல்லும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து, நிறத்தை நீக்கி, இன்வர்ட் செய்து, காஸியன் பிளர் கொடுத்து மங்கலாக்கி, கீழே உள்ள படத்தோடு கலக்கும் மோடை சாஃப்ட் லைட்டுக்கு மாற்றினேன். மேலே உள்ள நகலில் வெளிச்சம் தலைகீழாக இருப்பதால் இருண்ட பக்கம் ஏறுகிறது, வெளுத்த பக்கம் இறங்குகிறது. ஓவர்லேயிலும் செய்யலாம், கொஞ்சம் முரட்டுத்தனமாக வரும்.

இதில் உயிர்நாடி பிளரின் அளவுதான். 5 பிக்சல் வைத்தால் ஒவ்வொரு இமைமுடியும் மாஸ்க்கிலும் இருக்கும். கீழே உள்ளதை அதுவே அடித்துவிடும். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. 200க்குப் போனதும் தோலின் நுணுக்கம் திரும்பி வந்தது, ஆனால் ஜன்னல் பக்கம் தலையைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம்! விளிம்பைத் தாண்டி மாஸ்க் கசிவதன் விளைவு அது. செலக்டிவ் காஸியன் பிளர் விளிம்பை மதிக்கும், வளையம் பெருமளவு போய்விட்டது. பெரிய அளவு கொடுத்தால் மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை, லேயரின் எந்தப் பகுதி தெரியலாம் என்று தீர்மானிக்கும் லேயர் மாஸ்க்கில் மென்மையான பிரஷ்ஷால், ஒபாசிட்டியை (அழுத்தத்தை) குறைத்துத் தடவினேன்.

காது நுனி மட்டும் மசியவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலிலும் உச்ச அளவான 255ஐத் தொட்ட இடத்தில் விவரமே இல்லை, இறக்கினால் வெறும் சாம்பல்தான்.

அப்புறம் அதே காட்சியின் ரா கோப்பை (கேமரா சென்சார் பதிந்த மூலத் தரவை) டார்க்டேபிள் என்ற மென்பொருளில் திறந்தேன். 8 பிட் ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. நிழலைத் தூக்கும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. அங்கே டோன் ஈக்வலைசர் என்ற மாட்யூல் 3.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. வெளிச்சத்தை -8 முதல் 0 ஸ்டாப் வரை 9 பட்டைகளாகப் பிரித்துவைக்கும் (ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரட்டிப்பு). இருண்ட கன்னத்தின் மேல் மவுஸை வைத்து வீலை உருட்டினால் அந்தப் பட்டை மட்டும் ஏறும். விளிம்பையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. ஒன்றே ஒன்று: மாஸ்க்கின் எக்ஸ்போஷரையும் கான்ட்ராஸ்டையும் சரிசெய்து ஹிஸ்டோகிராமை (எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடத்தை) முதலில் பரத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மொத்தப் படமும் ஒன்றிரண்டு பட்டைகளுக்குள் அடைந்துகொள்ளும், மற்ற ஸ்லைடர்களை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் அசையாது.

இரண்டு கன்னத்தையும் முழுக்கச் சமமாக்கிப் பார்த்தேன், வெட்டி ஒட்டிய முகம் போல இருந்தது. ஒரு ஸ்டாப் அளவுக்கு வித்தியாசத்தை விட்டுவைத்தேன். நிழல் ஏறியதும் இன்னொன்று வெளியே வந்தது: அறை விளக்கு பட்ட பக்கம் மஞ்சளாகவும் ஜன்னல் பக்கம் நீலமாகவும் இருக்கின்றன. அதற்கு நிறத்துக்கென்று தனி மாஸ்க் போட வேண்டும், அடுத்த வேலை அதுதான்.